படம் எடுத்தாயிற்று, லேசர் வைத்தாயிற்றா?

சர்க்கரை நோயாளிகளின் கண்ணைக் கணினியே பார்த்து முடிவு சொல்லும் முகாம்களைப் பற்றி இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. செய்தியோடு ஒரு எண்ணிக்கையும் வரும்: இத்தனை ஆயிரம் பேருக்குப் பரிசோதனை. படித்ததும் நான் தேடுவது அடுத்த எண்ணை. அவர்களில் எத்தனை பேருக்கு விழித்திரையில் பாதிப்பு தெரிந்தது? அந்தப் பேர்களில் எத்தனை பேர் லேசர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள்? அது பெரும்பாலும் செய்தியில் இருப்பதில்லை. தேனி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விடுபட்டுப்போகும் அந்த எண்ணைக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்துக்கு உரியதைச் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் கூகுள் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கியிருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு மருத்துவர்கள் வரை பார்த்துத் தரம் பிரித்திருந்தார்கள். அந்தப் படங்களில் ஒரு பகுதி அமெரிக்காவில் எடுத்தது. மற்றொரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளிலிருந்து போனது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்தக் கணினிக்கு விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததில் நம் ஊர்க்காரர்களின் கண்ணுக்கும் பங்கு உண்டு. அது எனக்குப் பெருமை. பங்கு கொடுத்தவர்களுக்குப் பலனில் உரிமை உண்டு என்றும் நினைக்கிறேன்.

சேமித்து வைத்த படங்களில் தேறிய கணினி, ஓ.பி. வரிசையில் தேறுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் தேடினார்கள். அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்களில் நூற்றுக்கு 89 பேரை மதுரையிலும், 92 பேரைச் சென்னையிலும் கணினி சரியாகப் பிடித்தது. அதே சோதனையில் படம் பார்த்த மனிதர்கள் பிடித்தது 73-லிருந்து 90 வரை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றுக்காகச் சென்னை டாக்டர் மோகன்ஸ் நீரிழிவு மையத்தார் ஸ்மார்ட்போனோடு இணைத்த கேமராவில் படம் எடுத்து, வேறொரு மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பார்வையைப் பறிக்கக்கூடிய நிலைக்குப் போய்விட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 99 பேரை அது கண்டுபிடித்தது. 2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மருத்துவர் படத்தைப் பார்க்காமலே முடிவு சொல்லும் மென்பொருள் ஒன்றுக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்தது.

ஆகவே இயந்திரத்தால் பார்க்க முடியுமா என்ற விவாதம் எனக்கு முடிந்துபோன விவாதம். பார்க்கும். சோர்ந்துபோகாமல், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காமல், நூறாவது படத்தையும் முதல் படத்தைப் போலவே பார்க்கும்.

நமக்கு அது தேவையும்தான். ஐ.சி.எம்.ஆர். – ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். பத்து மாநிலங்களில் 40 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, அவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதாகவும், 4 சதவீதம் பேருக்கு அது பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் இருப்பதாகவும் 2022-ல் சொன்னது. இத்தனை பேருக்கும் ஆண்டுக்கொரு முறை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, உள்ளே பார்ப்பதற்கு நம்மிடம் கண் மருத்துவர்கள் போதாது. விழித்திரைக்கென்றே படித்தவர்கள் இன்னும் குறைவு, அவர்களும் பெரும்பாலும் நகரங்களில்.

இந்த நோயின் கொடுமை, அது வந்து குடியேறுவது தெரியாது என்பதில் இருக்கிறது. விழித்திரையில் மயிரிழை அளவு இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடிக்கிடந்தால் அவற்றின் சுவர் நைந்துபோகும். பழைய சொட்டுநீர்க் குழாயில் அங்கங்கே புடைத்து நீர் கசிவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அப்படித்தான். படத்தில் முதலில் தெரிவது குண்டூசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகள். பிறகு இரத்தக் கசிவுத் திட்டுகள், கொழுப்பு படிந்த மஞ்சள் பொட்டுகள். இரத்தம் போய்ச் சேராத இடங்கள் பெருகினால் கண் தானாகவே புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். அவை வலுவில்லாத குழாய்கள். ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். அல்லது தழும்பாகச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும். அந்த நாள் வரைக்கும் வலி இருக்காது, சிவக்காது, நீர் வடியாது. பார்வைப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுப் போவார்கள்.

போடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். மலைமேல் ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். முகாமில் அவர் கண்ணைப் பார்த்த டாக்டர், இரண்டு கண்ணிலும் லேசர் வைக்க வேண்டும், இந்த மாதமே மதுரைக்குப் போகச் சொல்லுங்கள் என்று சீட்டில் எழுதினார். நான் அதை எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஊசியில நூலு கோக்குறேன் டாக்டரம்மா. எனக்குப் போயி கண்ணுல கோளாறுங்குறீங்க?”

“இப்பத் தெரியும்மா. உள்ள ரத்தம் கசியுது. விட்டா ஒரேயடியாப் போயிரும்.”

“லேசர் வச்சா இன்னும் நல்லாத் தெரியுமா?”

இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதம் இல்லை. இதற்கு உண்மையான பதில், தெரியாது என்பதுதான். லேசர் பார்வையைக் கூட்டாது. இருப்பதைக் காப்பாற்றும். ஓரப் பார்வை கொஞ்சம் குறையலாம், இருட்டில் முன்னைவிடத் தடுமாறலாம். உட்கார்த்தி வைத்து வெளிச்சத்தால் கண்ணுக்குள் நூற்றுக்கணக்கான இடத்தில் சுடுவார்கள், சிலருக்கு வலிக்கும், இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். இவ்வளவுக்கும் பிறகு அவருக்குக் கிடைப்பது இன்று இருக்கும் அதே பார்வை. கூலியை விட்டு, பஸ் பிடித்து, துணைக்கு வருகிறவரின் கூலியையும் விட்டுப் போய் அதை வாங்கிவர வேண்டும்.

அவர் போகவில்லை. போனாரா என்று கேட்பதற்கு யாருக்கும் வேலை ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. சீட்டு அவர் கையில், முகாம் கணக்கு அறிக்கையில், அதோடு எல்லோர் கடமையும் முடிந்தது. மறு வருடம் பொங்கலுக்குப் பிறகு அவரே நிலையத்துக்கு வந்தார். வலது கண்ணில் கறுப்பாகப் படர்ந்திருக்கிறது, கையை ஆட்டினால் மட்டும் நிழலாடுகிறது என்றார். ஊசி நூலை இடது கண்ணால் கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால் வலது கண் மங்கத் தொடங்கியதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த முகாமில் கணினி கிடையாது, டாக்டரே நேரில் பார்த்தார். நோய் சரியாகவே கண்டுபிடிக்கப்பட்டது. கணினி இருந்திருந்தாலும் இதே முடிவைத்தான் சொல்லியிருக்கும், இன்னும் வேகமாக. அவர் கண் போனது சீட்டுக்கும் லேசருக்கும் இடையில்.

கண்புரைக்கு இந்தச் சிக்கல் வேறு விதம். புரை முற்றியவருக்குத் தன் கண் தெரியவில்லை என்பது தெரியும். ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் பேரன் முகம் தெரியும். ஊருக்குத் திரும்பிய அந்த ஒருவர் பத்துப் பேரை அழைத்துவருவார். லேசர் வைத்துக்கொண்டவர் ஊருக்குத் திரும்பி என்ன சொல்வார்? “முன்ன மாதிரியேதான் இருக்கு, ராத்திரிலதான் கொஞ்சம் மங்கல்.” அவர் பேச்சைக் கேட்டு யாரும் பஸ் ஏற மாட்டார்கள். காப்பாற்றப்பட்ட பார்வை கண்ணுக்குத் தெரியாத பலன். அதனால்தான் இந்த நோயில் அழைத்துப் போகிறவர்களின் உழைப்பு புரைக்குத் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு வேண்டியிருக்கிறது.

புரைக்கே அந்த உழைப்பு எளிதாக வந்துவிடவில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு ஆபரேஷன் செய்தவர். அவர் கண் முகாம்களில் கற்றுக்கொண்ட பெரிய பாடம், இலவசம் என்று சொன்னால் மட்டும் ஜனம் வராது என்பது. பஸ் செலவு யார் கொடுப்பது, அங்கே போய் எங்கே சாப்பிடுவது, யாரோடு போவது, திரும்பி வருவது எப்படி? அதனால் முகாமிலேயே ஆபரேஷனுக்குத் தேர்ந்தவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு போட்டு, சிகிச்சை முடித்து, ஊரில் கொண்டுவந்து விடும் வழக்கம் உருவானது. தென் மாவட்டத்துக் கிராமங்களில் அந்தப் பஸ்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூட வாசலில் மதியம் வரைக்கும் முகாம் நடக்கும். சாயங்காலம் கையில் மஞ்சள் பையோடு கிழவிகளும் கிழவர்களும் ஏறுவார்கள். அந்தப் பஸ்ஸுக்குள் நானும் பலமுறை பெயர் வாசித்துச் சரிபார்த்திருக்கிறேன். நோயைக் கண்டுபிடித்த கருவி அன்று ஒரு டார்ச் லைட். ஜனத்துக்குப் பார்வை கொடுத்தது பஸ்.

இன்று டார்ச் லைட் இருந்த இடத்தில் பல லட்ச ரூபாய்க் கேமராவும் அதற்குப் பின்னால் உலகத்தரமான மென்பொருளும் வந்திருக்கின்றன. பஸ் இருந்த இடத்தில் ஒரு காகிதச் சீட்டு இருக்கிறது.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு, ஏனென்றால் முகாம் செய்திகளில் அது பொத்தானை அழுத்துகிற வேலையாகவே வருகிறது. வயதானவர்களுக்கு, அதிலும் நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு, பாப்பா சின்னதாக இருக்கும். மருந்து விடாமல் எடுக்கிற கேமரா என்றாலும் அறை இருட்டாக இருந்தால்தான் அந்தப் பாப்பா விரியும். நிலையத்தில் இருட்டறை ஏது? ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளை ஒதுக்கி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, மின்விசிறி காற்றில் அது பறக்காமல் இருக்கச் செங்கல் வைத்துத்தான் உட்கார வைப்போம். தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னால் கூன் விழுந்த பாட்டிக்கு எட்டாது, முக்காலிமேல் தலையணை போட வேண்டும். ‘பச்சை வெளிச்சத்தையே பாருங்கம்மா’ என்றால் பேசுகிற என் முகத்தைப் பார்ப்பார்கள். இடது கையால் மேல் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் குமிழைத் திருப்ப வேண்டும். பிளாஷ் அடித்ததும் இரண்டு கண்ணின் பாப்பாவும் ஒன்றாகச் சுருங்கிவிடும். உடனே மறு கண்ணை எடுத்தால் ஓரமெல்லாம் கறுத்து, பிறை மாதிரி ஒரு நிழல் விழும். ஐந்து நிமிடமாவது இருட்டில் உட்கார வைக்க வேண்டும். வெளியே வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கிற நர்ஸ்தான் நல்ல படம் எடுக்கிறவர். புரை இருந்தால் என்ன செய்தாலும் படம் புகையாகத்தான் வரும்.

புகையான படத்தைக் கணினி ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. தாய்லாந்தில் இது நடந்திருக்கிறது. கூகுள் ஆய்வாளர்களே பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மருத்துவ நிலையங்களில் போய் உட்கார்ந்து பார்த்து 2020-ல் எழுதிய ஆய்வு அது. அவர்கள் தங்கள் கருவியின் குறையை மறைக்காமல் எழுதியதை மதிக்கிறேன். முதல் ஆறு மாதத்தில் கணினியிடம் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரமில்லை என்று அது தள்ளிவிட்டது. இருட்டறை இல்லாத நிலையங்கள். படம் ஒவ்வொன்றும் இணையத்தில் ஏற ஒன்று, ஒன்றரை நிமிடம். ஒரு நிலையத்தில் இரண்டு மணி நேரம் இணையம் போனதால் 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. படம் தள்ளப்பட்டால் நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அங்கே போய்வர ஒரு நாள் வேலை கெடும் என்று தெரிந்த நர்ஸுகளில் சிலர், இந்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றே நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நர்ஸுகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்குத் தம் ஊர் பஸ் நேரம் தெரியும்.

நம் மலையடிவாரத்திலும் அதே கதைதான். மதுரைச் சோதனையில் மேலே அனுப்ப வேண்டியிராதவர்களில் நூற்றுக்கு 8 பேரைக் கணினி தேவையில்லாமல் மேல்சிகிச்சைக்குச் சொன்னது. மருத்துவக் கணக்கில் இது நல்ல மதிப்பெண். ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒருவர் கூலியை விட்டு மதுரைக்குப் போய், அங்கே ‘ஒன்றுமில்லை, போய்வாங்க’ என்று கேட்டுவிட்டுத் திரும்பினால், மறுநாள் காலை ஜீப்பில் பத்துப் பதினைந்து பேர் அதைக் கேட்பார்கள். அடுத்த முகாமில் அந்த ஜீப்பே வராது. ஆகவே கணினி சொன்னவர்களை அப்படியே நேராக அனுப்பாமல், உள்ளூரிலிருந்தே அந்தப் படங்களை மட்டும் ஒரு விழித்திரை மருத்துவருக்கு அனுப்பிப் பார்க்க வைக்கலாம். முழுக் கூட்டத்தையும் பார்க்க மருத்துவருக்கு நேரமில்லை. கணினி சலித்துக் கொடுத்த சிலரைப் பார்க்க நேரமிருக்கும். இயந்திரத்தின் உண்மையான உதவி எனக்குத் தெரிவது இந்த இடத்தில்.

மறுபக்கம், ‘மேல்சிகிச்சை தேவையில்லை’ என்று வருகிற சீட்டும் எனக்குக் கவலை தருகிறது. அந்த மென்பொருள் தேடியது சர்க்கரையால் வந்த பாதிப்பை மட்டும்தான். கண் அழுத்த நோய் இருக்கிறதா என்று பல கருவிகள் பார்ப்பதே இல்லை. தொடக்க நிலைச் சிவப்புப் புள்ளிகள் இருந்தாலும் ‘இப்போது அனுப்ப வேண்டாம்’ என்ற பிரிவில்தான் வரும். பார்வை மையத்தில் நீர் கோத்து வீங்கியிருப்பதைத் தட்டையான படத்திலிருந்து நேரடியாக அளக்க முடியாது, பக்கத்தில் படிந்த மஞ்சள் பொட்டை வைத்து ஊகிக்கத்தான் முடியும். சீட்டை வாங்குகிறவரோ ‘கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, கண்ணு சுத்தமா இருக்கு’ என்று எடுத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் சொன்னால் அப்பீல் இல்லை என்பது ரேஷன் கடை வரைக்கும் பழகிப்போன நம்பிக்கை. அந்தச் சீட்டில் பெரிய எழுத்தில், தமிழில், அடுத்த பரிசோதனைக்கு வர வேண்டிய மாதத்தையும் ஆண்டையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

முடிவை உடனே சொல்லிவிட்டால் ஜனம் சிகிச்சைக்குப் போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ருவாண்டாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2022-ல் வந்தது. மேல்மருத்துவமனைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில், கணினி முடிவை அங்கேயே கேட்டவர்கள் 51.5 சதவீதம் போனார்கள். சில நாள் கழித்து மனிதர் பார்த்துச் சொன்ன முடிவைக் கேட்டவர்களில் 39.6 சதவீதம்தான் போனார்கள். கணினிக்கு இது நல்ல சான்று. நான் அந்த ஆய்வில் இன்னொன்றையும் பார்க்கிறேன்: உடனே சொல்லியும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் போகவில்லை.

இங்கிலாந்தில் 2003-ல் சர்க்கரை நோயாளிகளுக்கான தேசியக் கண் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் இருந்தது. ஆண்டுதோறும் வீட்டுக்குக் கடிதம் போனது, வராதவருக்கு மறுபடியும் போனது. படத்தைத் தரம் பிரித்தவர்கள் பயிற்சி பெற்ற மனிதர்கள். 2014-ல் வெளியான ஆய்வு, குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்குச் சர்க்கரை நோய் முதல் காரணமாக இல்லை என்று அறிவித்தது. இந்தத் திட்டமும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் வந்த முன்னேற்றமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். செயற்கை நுண்ணறிவு அலை வருவதற்கு முன்பு நடந்த சாதனை இது. பதிவேடு, கடிதம், சிகிச்சைக்கு ஒதுக்கிய இடம் ஆகியவற்றை வைத்துச் செய்தார்கள்.

நம்மிடம் அந்தக் கடிதத்தைவிட நல்ல ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அதில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் யாருக்குச் சுகர், மகன் திருப்பூரில் இருக்கிறானா, மருமகள் பேச்சைக் கேட்பாரா, ஜீப் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு அத்துப்படி. மெட்ஃபார்மின் கொடுக்கப் போகும்போதே அவர் கையில் இன்னொரு சிறு பட்டியலும் இருக்கட்டும். இந்தத் தெருவில் கண் படம் எடுத்ததில் லேசர் வைக்க வேண்டியவர்கள் இவர்கள், இன்னும் போகாதவர்கள் இவர்கள். ஒரு கிராமத்தில் அந்தப் பெயர்கள் இரண்டோ மூன்றோதான் வரும். அந்த மூன்று பேரை லேசர் அறை வாசல் வரைக்கும் கூட்டிப்போய் வந்தால் அவருக்கு அந்த நாளுக்கான ஊதியத்தைத் தனியாகக் கொடுங்கள். இருக்கிற சொற்ப ஊக்கத்தொகையோடு இதையும் சும்மா செய் என்று சொன்னால் நடக்காது, சொல்வதும் நியாயமில்லை.

2024-ல் கூகுள் நிறுவனம், பெங்களூரு ஃபோரஸ் ஹெல்த், மதுரை அரோலேப், தாய்லாந்தின் பெர்செப்ட்ரா ஆகியவற்றோடு சேர்ந்து, இந்தியாவிலும் தாய்லாந்திலும் பத்து ஆண்டுகளில் 60 லட்சம் இலவசப் பரிசோதனைகள் நடக்க உதவுவதாக அறிவித்தது. வரவேற்கிறேன், மனதாரவே. அந்த 60 லட்சத்தோடு இன்னொரு எண்ணையும் இலக்காக வைக்க வேண்டும் என்று கேட்கிறேன்: பார்வை பறிபோகும் கட்டத்தில் இருப்பவர்கள் எனத் தெரிந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கினார்கள்? தனியார் முகாமோ அரசு முகாமோ, அறிக்கையின் முதல் வரியில் இது வரட்டும். பரிசோதித்தவர் எண்ணிக்கை இரண்டாவது வரியில் இருக்கட்டும். எதை எண்ணச் சொல்கிறோமோ அதற்குத்தான் கீழே வேலை நடக்கும், இது அரசு நிலையத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். படங்களை எண்ணச் சொன்னால் படங்கள் பெருகும். முதல் நாளே நல்ல கண் உள்ள இளவட்டங்களை உட்கார வைத்து இலக்கை முடித்துவிட முடியும். சிகிச்சை பெற்றவர்களை எண்ணச் சொன்னால், ஏலத் தோட்டத்துப் பெண்ணைத் தேடி யாராவது அவர் வீட்டுக்குப் போவார்கள்.

சிகிச்சை கொடுக்கும் இடத்திலும் இதற்கு ஏற்ப மாற்றம் வேண்டும். பல ஊர்களில் ஓ.பி. சீட்டு காலையில் கொடுத்து மதியத்தோடு நிறுத்திவிடுவார்கள். லேசருக்கு ஒரு நாள், சொட்டு மருந்து விட்டுப் பார்க்க ஒரு நாள், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் என்று அலையவிட்டால் மூன்று நாள் கூலி போகும். பார்வை மையம் வீங்கியவர்களுக்கு ஊசி, அதுவும் ஒன்றோடு முடியாது, மாதம் ஒன்றாகப் பல மாதம் போட வேண்டியிருக்கும். வெளியில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் ஆகும். பாதியில் நிற்பவர்கள் இங்கேதான் அதிகம். தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவமனையிலாவது மாதம் இரண்டு ஞாயிறு லேசர் அறையைத் திறந்துவைத்து, பரிசோதனை, லேசர், ஊசி எல்லாவற்றையும் அன்றே முடித்து அனுப்புங்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் அன்றைக்கு ஒவ்வொரு வண்டி விடுங்கள். சொட்டு மருந்து விட்ட கண்ணோடு சாயங்காலம் வரைக்கும் மங்கலாகத்தான் தெரியும், தனியாகப் பஸ் மாறி வரச் சொல்லக் கூடாது. அடுத்த கேமரா வாங்க ஒதுக்கும் பணத்திலிருந்தே முதல் ஆண்டு வண்டி வாடகையையும் தன்னார்வலர் ஊதியத்தையும் எடுக்கலாம்.